ரோலருக்கு அடியில் ஒரு டப்பா

மழை வரலாமா வேண்டாமா என்று வானம் காலையிலிருந்தே இழுத்தடித்துக்கொண்டிருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ்காரர்கள் இதையெல்லாம் பொருட்படுத்துவதில்லை... வந்தால் நனைவார்கள், வராவிட்டால் வேர்ப்பார்கள். இரண்டும் ஈரம்தான்.

விரிக்காத குடையைக் கையில் பிடித்தபடி பூங்காவின் மூலைக்கு வந்த லோகேஸ்வரி, அப்படியே நின்றுவிட்டாள்.

பழைய ரோடு ரோலருக்கு அடியில் ஒருவன் குப்புறக் கிடந்தான். ஒரு கை தோள்வரைக்கும் உள்ளே போயிருந்தது. எதையோ துழாவிக்கொண்டிருந்தான்.

அந்த ரோலரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நீராவியில் ஓடியது. ரோடு போடுவதற்காக வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்தது. ஏன் இந்த இடத்தில் நின்றுபோனது என்று யாருக்கும் தெரியாது. நகர்த்திப் பார்த்திருக்கிறார்கள், அசையவில்லை. சரி கிடக்கட்டும் என்று அதைச் சுற்றியே பூங்காவைக் கட்டிவிட்டார்கள். புகைபோக்கிக்குள் எப்போதோ ஒரு விதை விழுந்து, இப்போது புகை வர வேண்டிய இடத்தில் ஆலங்கிளை நீட்டிக்கொண்டிருக்கிறது. நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா... முன்சக்கரத்துக்கு மஞ்சள் துணி கட்டி, குங்குமம் அப்பி, எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டார்கள். என்ன சாமி என்று கேட்டால் ஆளுக்கொரு பேர் சொல்வார்கள்.

லோகேஸ்வரி கும்பிட வரவில்லை. அம்மா அனுப்பி வந்தாள்.

கிள்ளானில் அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் அம்மா இராஜம்மா, பக்கத்து ஊர் மேருவில் குறி சொல்பவரிடம் போய்வந்திருந்தாள். "இரும்புக்கு அடியில, மரத்து நெழல்ல, ஒரு டப்பா இருக்கு. அதுக்குள்ளதான் உங்க மகளுக்குச் செஞ்ச செய்வினை இருக்கு" என்று அவர் சொன்னாராம். இரும்பும் மரமும் இல்லாத இடம் இந்த ஊரில் எது என்று லோகேஸ்வரி கேட்டுப்பார்த்தாள். அம்மா அழுதாள். அந்த அழுகைக்காகத்தான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இங்கே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா" என்று ஃபோன் போட்டுவிடலாம் என வந்திருந்தாள். நம்பிக்கை என்று அவளுக்கு எதுவும் கிடையாது. கிடையவே கிடையாது... இதோ, இந்த நிமிஷம் வரைக்கும்.

அவன் கையை வெளியே இழுத்தான். கையில் ஒரு டப்பா. கறுப்பு டேப் சுற்றியது.

லோகேஸ்வரி ஓரடி முன்னால் வந்தாள். அப்படியானால் அம்மா சொன்னது நிஜமா?

"கீழ வைங்க அத."

அவன் திரும்பினான். கன்னமெல்லாம் சேறு. "இப்பதான் எடுத்தேன் லா..."

"யாரு உங்கள அனுப்புனது?"

"யாரும் இல்ல. ஃபோனப் பாத்து வந்தேன்."

"விளையாடுறீங்களா?"

"ஆமா."

குடையின் முனை அவன் நெஞ்சுக்கு நேராக வந்தது. அவன் இரண்டு கையையும் தூக்கிவிட்டான்.

"அக்கா, நெசமாவே விளையாட்டுதான். குத்திடாதீங்க. நீங்களே தொறந்து பாருங்க."

திறந்தாள். முடியில்லாத சின்னப் பொம்மை ஒன்று. சிவப்பு நூல்கண்டு. பழைய சாவி. ஒரு பிளாஸ்டிக் பல்லி. எல்லாவற்றுக்கும் அடியில் சுருட்டிய தாள், தாள் நிறையப் பெயர்கள். அவள் விரல் ஒவ்வொரு வரியாகத் தேடியது. லோகேஸ்வரி என்று எங்கும் இல்லை. ஏதேதோ வாயில் நுழையாத பெயர்கள்.

"நீங்களும் ஆடுறவங்களா? உங்க பேரத் தேடுறீங்களே?"

"என்ன ஆடுறது?"

அவன் எழுந்து உட்கார்ந்து, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "ஜியோகேஷிங். ஒருத்தர் ஒரு டப்பாவ எங்கயாச்சும் ஒளிச்சு வெச்சிட்டு, இடத்த ஃபோன்ல போட்டுடுவாரு. மத்தவங்க தேடிக் கண்டுபிடிச்சு, தாள்ல பேர எழுதணும். உள்ள இருக்கிற சாமான்ல ஒண்ண எடுத்துக்கிட்டு வேற ஒண்ண வெக்கலாம். அப்புறம் இருந்த எடத்துலயே வெச்சிட்டுப் போயிடணும். அவ்வளவுதான்."

"எதுக்கு?"

அவன் யோசித்தான். பாவம், நிஜமாகவே யோசித்தான். "எதுக்கும் இல்ல."

எதற்கும் இல்லையா... லோகேஸ்வரிக்கு அந்தப் பதில் என்னவோ செய்தது. அவள் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. பால் திரிந்தால் காரணம், பல்லி கத்தினால் காரணம், அவள் தும்மினாலும் காரணம். எதற்காகவும் இல்லாமல் ஒரு டப்பா, எதற்காகவும் இல்லாமல் அதைத் தேடிச் சேற்றில் படுத்துக்கிடக்க ஓர் ஆள்... அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. சிரித்துச் சிரித்துக் கடைசியில் எங்கே அது அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை.

வானமும் அப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்தது. கொட்டித் தீர்த்தது.

இருவரும் ரோலரின் தகரக் கூரைக்குக் கீழே ஏறி நின்றார்கள். டுப்டுப்பென்று தலைக்கு மேல் மழை. அவன் டிஷ்யூ பாக்கெட்டை நீட்டினான். என்ன ஏது என்று கேட்கவில்லை. ஆனால் பார்த்தான்.

துன் சம்பந்தன் சாலையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கிறவள். அவள் கண்ணை யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் பரிதாபமாகப் பார்ப்பார்கள், கல்யாண வீடுகளில் பயத்தோடு பார்ப்பார்கள். இவனோ மழையைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்... நிற்கட்டும், அவசரமில்லை என்பதுபோல. அவனுடைய நனைந்த இமையில் ஒரு சொட்டு விழலாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அதைத் துடைத்துவிட வேண்டும் போலிருந்தது. சே, என்ன நினைப்பு இது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் குகன். வீடு ஸ்ரீ கெம்பாங்கான்ல. லிஃப்ட் ரிப்பேர் பாக்குறேன், எதிர் பில்டிங்ல."

"லோகேஸ்வரி... சாரி அண்ணே, குடையால—"

"குத்துனதக்கூட மன்னிச்சிடுவேன். அண்ணேங்கிறத மன்னிக்க மாட்டேன்."

"நீங்க மட்டும் அக்கான்னீங்களே?"

"அது உயிர் பயத்துல சொன்னது."

மறுபடியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் மயங்கித்தான் அவன் அடுத்த தப்பைச் செய்தான். தாளைப் பிரித்துத் தன் பெயரை எழுதி, பேனாவை அவளிடம் நீட்டினான். "எழுதுங்க. கண்டுபிடிச்ச ஆளு பேர எழுதணும், அதான் வழக்கம். என் பேருக்குப் பக்கத்துல எடம் இருக்கு."

லோகேஸ்வரியின் முகம் அணைந்துபோனது.

"வேணாம். என் பேருக்குப் பக்கத்துல பேரு போட்டவங்க யாரும் இப்ப உயிரோட இல்ல."

சொல்லியே விட்டாள். முன்பின் தெரியாத ஒருவனிடம், மழையில், மூச்சு விடாமல். முதலில் முகுந்தன். கல்யாணப் பத்திரிகை அடித்து வந்த வாரம், பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழவில்லை. அப்புறம் பிரவின். மண்டபத்துக்குப் பணம் கட்டிவிட்டு வரும் வழியில், ஃபெடரல் ஹைவேயில், மழையில் பைக் சறுக்கி லோரிக்கு அடியில். இரண்டு பத்திரிகை, இரண்டு சாவு. இரண்டிலும் மணமகள் பெயர் ஒன்றுதான். பிரவினின் அம்மா சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "போயிடும்மா, எனக்கு இன்னொரு பையன் இருக்கான்" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

குகன் பேனாவை மூடிப் பையில் வைத்தான்.

"நாளைக்கும் சாப்பாட்டு நேரத்துல வருவீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

வரக்கூடாது என்று இரவு முழுக்க நினைத்தாள். வந்தாள். அடுத்த நாளும் வந்தாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. கடையில் தபாவ் பண்ணி, பொட்டலமாகக் கொண்டுவந்த சோற்றை ரோலரின் படியில் உட்கார்ந்து தின்றுவிட்டு, மிச்ச நேரத்துக்கு டப்பா தேடக் கிளம்பிவிடுவார்கள். பாலத்துக் கம்பிக்குப் பின்னால், பஸ் நிறுத்தத்துப் பெஞ்சுக்கு அடியில்... ஒரு சனிக்கிழமை செராஸ்வரைக்கும் ரயிலேறிப் போய், தெருவெல்லாம் அலைந்து, ஒன்றும் கிடைக்காமல் ஐஸ் தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினார்கள். கிடைக்காத அந்த நாள்தான் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கேட்டால் சொல்ல மாட்டாள். அவன் கை பட்டால் நகர்த்திக்கொள்வாள். அவன் ரோட்டைக் கடந்தால் அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்வாள்.

ஒருநாள், வாய் சும்மா இல்லாமல், அந்த டப்பா கதையை வேடிக்கையாக அம்மாவிடம் சொன்னாள்.

இராஜம்மா சிரிக்கவில்லை. பொம்மை இருந்ததா என்று கேட்டாள். சிவப்பு நூல் இருந்ததா என்று கேட்டாள். மறுநாள் கோமுட்டர் ரயிலில் தனியாக வந்து, ரோலருக்கு அடியில் கையை விட்டு, டப்பாவை எடுத்து வேப்பிலையில் சுற்றிக்கொண்டு நேராக மேருவுக்குப் போய்விட்டாள். அங்கே அதைத் தீயில் போட்டு, சாம்பலை ஆற்றில் கரைத்து, "எடுத்தாச்சும்மா, இனி உம் மகளுக்குத் தடையில்ல" என்று சொல்லி அனுப்பினார்கள்.

குகனிடம் இதைச் சொல்லும்போது லோகேஸ்வரிக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"யாரோ ஆசையா வெச்ச டப்பா... எங்கம்மா எரிச்சிட்டாங்க."

"அதுக்கு நான் வேற டப்பா வெச்சிடுறேன். உங்கம்மா இப்ப எப்படி இருக்காங்க?"

"பாட்டுப் பாடிக்கிட்டு தோசை சுடுறாங்க."

குகன் ஆலங்கிளையை அண்ணாந்து பார்த்தான். "அப்படின்னா அது எரிஞ்சதே நல்லதுதான். இப்ப நான் வந்து பொண்ணு கேட்டா தோசை கெடைக்குமா?"

அவள் சோற்றுப் பொட்டலத்தை மடித்தாள். காது மடல் சிவந்து காட்டிக்கொடுத்துவிட்டது.

அம்மா உடனே சரி என்றாள். அதுதான் ஆச்சரியம். "ஞாயித்துக்கெழமை வரச் சொல்லு. கட்டு அறுந்துபோச்சு, இனி என்ன பயம்" என்றாள். லோகேஸ்வரிக்குத் தெரியும், கட்டுமில்லை, அறுந்ததுமில்லை, எரிந்தது ஒரு பிளாஸ்டிக் பல்லி. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவளும் கொஞ்சம் நம்பினாள். சந்தோஷப்பட ஏதாவது சாக்கு வேண்டுமே... அது பொய்யாக இருந்தால்தான் என்ன?

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மழை. இராஜம்மா கோழி வறுத்து, பாயசம் காய்ச்சி, வாசலில் கோலம் போட்டு, அது கரைந்ததும் மறுபடி போட்டாள். லோகேஸ்வரி தாமரைப்பூ நிறத்தில் ஒரு சேலை கட்டியிருந்தாள். வர வேண்டிய நேரத்துக்கு அவன் வரவில்லை. ஃபோனையும் எடுக்கவில்லை. பாயசத்தில் ஆடை கட்டியது.

சாயங்காலம் அவன் நண்பன் பாலன் கூப்பிட்டான். ஃபெடரல் ஹைவேயில் பைக் சறுக்கிவிட்டது. கால் முறிவு. தலையில் தையல். உயிருக்கு ஒன்றுமில்லை.

ஃபெடரல் ஹைவே... மழை... பைக். அதற்குமேல் பாலன் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

இராஜம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். மேருவுக்கு ஃபோன் போட்டாள். இன்னொன்று எங்கேயோ இருக்கிறது என்று அங்கே சொன்னார்கள். லோகேஸ்வரி அதைக் கேட்டு, இந்தத் தடவை எதிர்த்துப் பேசவில்லை. வேறு எங்கே தேடுவது... அந்த இன்னொன்று நான்தான் என்று நினைத்தாள். சேலையை அவிழ்த்து மடித்து வைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அவன் ஃபோன் நம்பரைத் தடுத்து வைத்தாள். நான் பக்கத்தில் போகாமல் இருந்தால் அவன் பிழைத்துக்கொள்வான்... குளிக்கும்போதும் ரயிலில் தொங்கும்போதும் அவளுக்கு இதே நினைப்புதான். பூங்காப் பக்கமே போகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கடையின் பின்னறையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். அழுகை எப்போது வரும் என்று அவளுக்கே தெரியாததால், கைப்பையில் எந்நேரமும் டிஷ்யூ இருந்தது.

வாரங்கள் போயின. எப்படிப் போயின என்று கேட்காதீர்கள், அவளைக் கேட்டாலும் தெரியாது.

ஒரு மத்தியானம் கடை முதலாளி ரமணி அக்கா எட்டிப் பார்த்தாள். "லோகா, ஒரு கஸ்டமர் கண்ணு டெஸ்ட் பண்ணணுமாம். இருட்டு ரூம்ல உக்கார வெச்சிருக்கேன், போய்ப் பாரு."

உள்ளே போய்க் கதவைச் சாத்தி விளக்கைத் திருப்பியவள், விளக்கைப் பிடித்த கையோடு நின்றாள்.

குகன். காலில் கட்டு, மடியில் ஊன்றுகோல். இளைத்திருந்தான். புருவத்துக்கு மேல் தையல் போட்ட தழும்பு.

"போங்க," என்றாள். "தயவுசெஞ்சு போயிடுங்க."

"டெஸ்டுக்குக் காசு கட்டிட்டேன். பாருங்க, அப்புறம் போறேன்."

வெளியே ரமணி அக்கா இருக்கிறாள். வேறு வழியில்லை. கருவியை அவன் முகத்துக்கு நேரே இழுத்தாள். அந்தப் பக்கம் அவன் கண், இந்தப் பக்கம் அவள் கண். நடுவே ஒரு சாண் இருட்டு. விளக்கின் சின்ன வெளிச்சத்தில், தேன் நிற விழிக்கு நடுவே அவன் கண்மணி விரிந்து சுருங்கியது. உயிரோடு இருக்கிறது... உயிரோடு இருக்கிறது என்று அவளுக்குள் ஏதோ அடித்துக்கொண்டது.

"நேரா வெளிச்சத்தப் பாருங்க."

"லோகேஸ், நான் ஒண்ணு சொல்லணும்."

"வெளிச்சத்தப் பாருங்க."

"அன்னிக்கு நான் உங்க வீட்டுக்கு வந்துக்கிட்டிருக்கும்போது விழல."

அவள் கை நின்றது.

"பாதி வழி, சுபாங் வரைக்கும் வந்தேன். மழை ஜாஸ்தியாயிடுச்சு. முன்னால ஒரு லோரி போச்சு. பிரவின் ஞாபகம் வந்துடுச்சு. பயந்துட்டேன் லோகேஸ். அவ்வளவு பேச்சுப் பேசுனவன், பைக்கத் திருப்பிட்டேன். வீட்டுக்குப் போயிடலாம், ஏதாவது பொய் சொல்லிக்கலாம்னு... திரும்பிப் போறப்பதான் விழுந்தேன். உங்ககிட்ட வந்ததால விழல. உங்கள விட்டு ஓடுனேன், அதுல விழுந்தேன்."

அவள் கருவியிலிருந்து முகத்தை எடுத்தாள்.

"இத சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் இத்தன நாளு நானும் வரல. நீங்க வேற, உங்களாலதான்னு நெனச்சுக்கிட்டிருப்பீங்கன்னு தெரிஞ்சும் வரல."

"இப்ப பயம் போயிடுச்சா?" அவள் குரலில் கோபமா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"இல்ல. இருக்கு. காலையில கெளம்பறப்ப கை நடுங்குச்சு. அடுத்த தடவையும் நடுங்கும். பயமில்லாத ஆளு வேணும்னா நான் இல்ல. பயந்துக்கிட்டே வர்ற ஆளு வேணும்னா... எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு."

லோகேஸ்வரி கருவியைத் தள்ளிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு, யாரிடமும் சொல்லாததை, பெற்ற தாயிடமும் சொல்லாததை, சன்னமாகச் சொன்னாள்.

"முகுந்தன் செத்தப்ப நான் அழுதேன். பிரவினுக்கும் அழுதேன். ரெண்டு தடவையும் எனக்காகத்தான் அழுதேன். என் பேரு கெட்டுப்போச்சே, ஊரு என்ன பேசும்னு. அவங்க ரெண்டு பேரையும் எனக்குச் சரியாத் தெரியாது. அதுவே எனக்குப் பெரிய பாவமாத் தோணும்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "நீங்க விழுந்தீங்கன்னு கேட்டப்பதான்... மொத தடவையா இன்னொருத்தருக்காக அழுதேன். ஊரு ஞாபகமே வரல. அதான் ஓடிட்டேன். இத இன்னொரு தடவ என்னால தாங்க முடியாது குகன்."

அவன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். அம்மா இருக்கிறாள், மேருக்காரர் இருக்கிறார், ஃபெடரல் ஹைவேயும் அங்கேயேதான் இருக்கிறது. எதுவும் மாறிவிடவில்லை. இருந்தும் கையைக் கொடுத்தாள். அவன் விரல்கள் உண்மையிலேயே நடுங்கிக்கொண்டிருந்தன. அவளுடையவையும்தான்.

"பைக் ஓட்டாதீங்க," என்றாள்.

"இந்தக் காலோட எங்க ஓட்டுறது."

"காலையில எழுந்ததும் எனக்கு மெசேஜ் போடணும். உயிரோட இருக்கேன்னு."

"நாளைக்கா?"

"தெனமும்."

"எதுவரைக்கும்?"

"நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

"எப்ப சொல்லுவீங்க?"

லோகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"சொல்ல மாட்டேன்," என்றாள்.